காபி கேனை நகர்த்தியவர்: கீழ்ப்பழனி மலையில் ஒரு கூட்டத்தின் நிகழ்வு ஆய்வு

நோட்டீசில் காலை 10 மணி என்று போட்டிருந்தோம். 10 மணிக்குச் சமுதாயக்கூடத்தில் இருந்தது நான், சாவி வைத்திருந்த பெரியவர், சவுண்ட் சர்வீஸ் தம்பி, வாசலில் ஒரு நாய். மேடையில் மேஜை போட்டு, டர்க்கி டவல் விரித்து, தட்டில் ஒரு பொன்னாடையும் மடித்து வைத்திருந்தார்கள். யாருக்கு என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் சார்" என்றார் பெரியவர். அன்று நான் செய்த முதல் வேலை அந்த மேஜையைத் தூக்கி வெளியே வைத்தது. உருப்படியான கடைசி வேலை, காபி கேன் ஒன்றை முப்பதடி தள்ளி வைத்தது. இரண்டுக்கும் இடையில் செய்தவற்றில் பாதியைச் செய்யாமலே இருந்திருக்கலாம்.

கூட்டம் நடத்திக்கொடுப்பது பதினோரு வருடமாக என் பிழைப்பு. இந்த வேலைக்குத் தமிழில் பொருத்தமான பெயர் இன்னும் அமையவில்லை. ஒருங்கிணைப்பாளர் என்றால் ஒருங்கிணைக்கும் வேலை நம் தலையில் விழுகிறது. நெறியாளர் என்றால் டிவி விவாதம் நினைவுக்கு வருகிறது. ஃபெசிலிடேட்டர் என்று சொன்னால் மலையில் யாருக்கும் வாயில் நுழையாது. அந்த ஊரில் என்னைக் "கூட்டத்துக்காரர்" என்றார்கள். பலூன்காரர், பாத்திரக்காரர் மாதிரி. எனக்கு அது பிடித்திருந்தது. இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன்.

ஊரும் சிக்கலும்

வத்தலகுண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்குப் பஸ் ஏறுகிறது. அந்தச் சரிவுகளில் உள்ள ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்வர் ஓக் நிழலில் காபி, மரத்தைப் பற்றி ஏறும் மிளகு, இடையிடையே மலைவாழை, கொஞ்சம் ஆரஞ்சு, இப்போது வெண்ணெய்ப்பழம். பெரும்பாலும் சின்னத் தோட்டங்கள். வேலி என்று பெரிதாக எதுவும் கிடையாது. என் மரம் எங்கே முடிந்து உங்கள் மரம் எங்கே தொடங்குகிறது என்பது நம் இருவருக்கும் மட்டும்தான் தெரியும்.

வண்டுக்கு அதுவும் தெரியாது. காபி காய்த்துளைப்பானை, தோட்டக்காரர்கள் வாயில் பெர்ரி போரரை, இந்தியாவில் முதன்முதலில் கண்டது 1990இல், நீலகிரியின் கூடலூரில். எள் அளவுகூட இல்லாத கறுப்பு வண்டு. காய்க்குள் துளைத்துப் போய்க் கொட்டையிலேயே முட்டையிடும். அறுவடை முடிந்த பிறகு செடியில் விட்டுப்போன பழத்திலும் கீழே உதிர்ந்த பழத்திலும் உயிரைப் பிடித்துக்கொண்டு அடுத்த காய்ப்புக்காகக் காத்திருக்கும். அதனால் மருந்தைவிட முக்கியமான வேலை பொறுக்குவதுதான். ஒரு பழம் விடாமல் எடுக்க வேண்டும், உதிர்ந்ததையும் பொறுக்க வேண்டும். நீங்கள் பொறுக்கி, பக்கத்துத் தோட்டக்காரர் விட்டுவிட்டால் உங்கள் கூலி மண்ணோடு போச்சு. மலைவாழையின் முடிக்கொத்து நோயும் இதே ரகம்தான். நோயுள்ள கட்டையை ஒருவர் பிடுங்காமல் விட்டால் அசுவினிப் பூச்சி அதை ஊர் முழுக்கக் கொண்டு போகும். விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை வாழைக்கும் 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்துவிட்டது, வாழைதான் பல தோட்டங்களில் இல்லை.

இதெல்லாம் ஊருக்குத் தெரியாத விஷயமில்லை. மேடை போட்டு, மைக் வைத்து, வல்லுநர் பேசி, நன்றியுரை சொல்லி, தக்காளி சாதம் சாப்பிட்ட கூட்டங்கள் நிறைய நடந்திருக்கின்றன. எல்லாரும் கேட்டார்கள், எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், அடுத்த மாசியிலும் பழம் உதிர்ந்தே கிடந்தது. அங்கிருந்த சிறு விவசாயிகள் சிலர் என்னிடம் வந்து, "பேசறவங்க இல்லாம ஒரு கூட்டம் வைக்க முடியுமா?" என்று கேட்டார்கள்.

வைக்கலாம். அதற்கு ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் 1983இல் ஒரு மாநாட்டை ஒரு வருடம் பாடுபட்டு ஏற்பாடு செய்தார். முடிந்த பிறகு, வந்தவர்கள் எல்லாரும் நன்றாக இருந்தது என்று சொன்னது காபி இடைவேளையை மட்டும்தான். அவருக்குப் பொறி தட்டியது. மேற்கு ஆப்பிரிக்காவில், லைபீரியாவின் ஒரு கிராமத்தில், ஏற்பாட்டுக் குழுவே இல்லாமல் நாள்கணக்கில் ஒழுங்காக நடந்த சடங்கை அவர் முன்பு பார்த்திருந்தார். இரண்டையும் சேர்த்து, 1985இல் நிகழ்ச்சி நிரலே இல்லாத மாநாட்டை நடத்திப் பார்த்தார். ஓப்பன் ஸ்பேஸ் என்று பெயர். வட்டமாக உட்கார வேண்டும். யாருக்கு எதைப் பற்றிப் பேச வேண்டுமோ அவர் எழுந்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். சுவரில் சந்தை கூடும். அவரவர் விரும்பிய குழுவுக்குப் போகலாம். ஒரே ஒரு விதி: நீ கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால் உன் இரண்டு காலைப் பயன்படுத்தி வேறு இடத்துக்குப் போ.

படிக்க அழகாக இருக்கிறது. பல இடங்களில் நடத்தியும் இருக்கிறேன், கோயம்புத்தூர் ஐடி கம்பெனி உட்பட. மலையில்தான் அந்த இரண்டு காலின் விலை எவ்வளவு என்று தெரிந்தது.

கேள்வியைத் தேடி மூன்று வாரம்

தானே அமையும் கூட்டத்தில் கூட்டத்துக்காரரின் உழைப்பில் பெரும்பகுதி கூட்டத்துக்கு முன்பே செலவாகிவிட வேண்டும். அழைப்பில் இருக்கும் ஒரே ஒரு கேள்வி சரியாக அமைந்துவிட்டால் அன்றைய தினம் நமக்கு அதிக வேலையில்லை. தப்பாக அமைந்தால் நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் முதலில் எழுதிக் கொடுத்தது: "காபி விவசாயிகளின் பிரச்சினைகளும் தீர்வுகளும்". அதை வாங்கிப் பார்த்த ஒரு வயதான தோட்டக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "பிரச்சினைன்னு போட்டா ஆளாளுக்கு மனு எழுதிட்டு வந்துருவாங்க தம்பி. அப்புறம் யார்கிட்ட குடுக்கறதுன்னு தேடுவாங்க." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மனு வாங்கும் ஆள் அங்கே இருக்கப்போவதில்லை என்பதுதான் அந்தக் கூட்டத்தின் சாரமே.

பிறகு நாலைந்து முறை மாற்றினோம். டீக்கடையில் வாசித்துக் காட்டுவோம். "அப்படின்னா?" என்று யாராவது கேட்டால் அந்த வாக்கியம் தேறவில்லை என்று அர்த்தம். கடைசியில் நின்றது இது: "அடுத்த பழம் எடுப்புக்கு முன்னால் பக்கத்துத் தோட்டக்காரரும் நாமும் சேர்ந்து செய்துவிடக்கூடியது என்ன?" இதில் அரசாங்கம் இல்லை, விலை இல்லை, மானியம் இல்லை. நம் கையில் இருப்பது மட்டும். மாசி மாதம், கடைசிப் பழம் எடுத்து முடித்த கையோடு, பூ மழைக்கு முன்பாக நாள் குறித்தோம்.

அன்று

11 மணி வாக்கில் 43 பேர் வந்துவிட்டார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தேன். இங்கேயே முதல் பிழை. நாற்காலி என்றதும் தோட்டக்காரர்கள் உட்கார்ந்தார்கள். பழம் எடுக்கப் போகும் பெண்களும், பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வந்த நான்கு பேரும் வட்டத்துக்கு வெளியே சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்கள். "மேல உக்காருங்கம்மா" என்றேன். "இதே சௌரியமா இருக்கு சார்" என்றார்கள். நாற்காலி நிறையக் காலியாகத்தான் இருந்தது. வட்டம் போட்டால் எல்லாரும் சமம் என்பது புத்தகத்தில். எங்கள் ஊர்களில் நாற்காலிக்கும் தரைக்கும் நடுவே ஒரு வரலாறே உட்கார்ந்திருக்கிறது. ஜமுக்காளம் விரித்திருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை.

எட்டு நிமிடம் விளக்கம் சொன்னேன். அப்புறம் தாள்கட்டையும் ஸ்கெட்ச் பேனாக்களையும் வட்டத்தின் நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். யாரும் எழவில்லை.

இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வேலையே பாதி இதுதான். மௌனம் முதல் நிமிடத்தில் சாதாரணம். இரண்டாவது நிமிடத்தில் யாராவது செருமுவார்கள். மூன்றாவதில் எல்லார் கண்ணும் உங்கள்மேல் வரும்: கூட்டம் சொதப்புகிறது, காசு வாங்கியிருக்கிறாயே, ஏதாவது செய். அப்போது ஒரு உதாரணம் சொன்னால் போதும், நாள் முழுக்க அந்த உதாரணத்தைச் சுற்றியே பேச்சு ஓடும். யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர்தான் அன்றைய தலைவர். நான் என் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்சில் நாலு நிமிடம் ஆகியிருந்தது. எனக்கு அது ஒரு மணி நேரம்.

முதலில் எழுந்தது சவுண்ட் சர்வீஸ் தம்பி. மைக் வேண்டாம், ஆனால் பேசிய பணம் உண்டு, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லியிருந்தேன். அவனுக்கும் அறுபது சென்ட் காபி இருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. தாளில் பெரிதாக எழுதினான்: "உதுந்த பழத்தை யார் பொறுக்குறது?" எழுத்துப்பிழையைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கூட்டம் திறந்தது. பத்து நிமிடத்தில் சுவரில் ஏழு தாள். காட்டு மாடு தோட்டத்தில் இறங்குவது, மழையில் பழம் காயவைக்கக் களம் இல்லாதது, முடிக்கொத்து நோய், வேலைக்கு ஆள் கிடைக்காதது, வியாபாரியிடம் வாங்கும் முன்பணம், இன்னொன்று மிளகு.

ஏழும் நாற்காலியில் இருந்தவர்களுடையது. எட்டாவது தாள் அரை மணி நேரம் கழித்து வந்தது. சுவரோரம் இருந்த ஒரு அம்மா, சாப்பாட்டுக்கு உதவ வந்த பள்ளிக்கூடப் பெண்ணிடம் காதில் சொல்லி எழுதவைத்தார்: "கூலி நாளுக்கா, கிலோவுக்கா?" எழுதி ஒட்டு என்ற விதி, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கதவைத் திறக்கிறது. எழுதிக்கொடுக்க இரண்டு பிள்ளைகளை நான் முதலிலேயே உட்காரவைத்திருக்க வேண்டும். தானாக அமையும் என்று விட்டுவிட்டால் ஏற்கெனவே அமைந்திருப்பதுதான் மறுபடி அமையும்.

குழுக்கள் பிரிந்தன. களத்தைப் பற்றிப் பேச வேண்டிய குழு கிணற்றடியில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தது. எனக்குக் கை அரித்தது. போய் உட்கார்ந்து, "வடகிழக்குப் பருவமழை சமயத்தில்தானே பழம் பழுக்கத் தொடங்குகிறது, அப்போது எங்கே காயவைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று நினைத்துக்கொண்டேன். உடனே ஏழு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒவ்வொருவராக எனக்குப் பதில் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லவில்லை. இருபது நிமிடம் இப்படியே போனது. குழுவில் இருந்த ஒரு அக்கா, அந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர், சிரித்துக்கொண்டே, "சார், நீங்க போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்களேன்" என்றார். நான் எழுந்து போனேன். திரும்பிப் பார்த்தபோது அங்கே சத்தமாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டின்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எங்க குழுவுக்கு வர்ற மேடமும் முதல்ல இப்படித்தான். எல்லாத்தையும் அவங்களே கேப்பாங்க, எங்க நோட்டுலயும் அவங்களே எழுதுவாங்க. ஒரு வருஷம் அவங்க பிரசவத்துக்குப் போயிட்டாங்க. அப்பத்தான் நாங்க கணக்கு எழுதப் பழகுனோம்" என்றார். விவசாயத்துக்கான தேசிய வங்கியான நபார்டு 1992இல் இப்படி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதனை தொடங்கியது. தர்மபுரியில் அதற்கும் முன்பே, 1989இல், அரசுத் திட்டத்தில் குழுக்கள் வந்துவிட்டன. முப்பது வருடத்துக்கு மேலாகத் தமிழ்நாட்டுப் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, வருகை எடுத்து, தீர்மானம் எழுதி, யாருக்குக் கடன் யாருக்கு இல்லை என்று முகத்துக்கு நேரே பேசிப் பழகியிருக்கிறார்கள். அன்றைய கூட்டத்தில் வட்டம் புதிதாக இருந்தது ஆண்களுக்குத்தான்.

இன்னொரு இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன், அது பலித்தது. முடிக்கொத்து என்று எழுதி ஒட்டிய பெரியவரின் குழுவுக்கு ஒருவரும் வரவில்லை. பலாமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நாலு பேரைத் தள்ளிவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். வந்தவர்களே வரவேண்டியவர்கள் என்பது இந்த முறையின் கொள்கைகளில் ஒன்று. வந்தது அவர் ஒருவர்தான் என்றால் அவர் ஒருவர்தான். நாற்பது நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால், தாளின் பின்பக்கம் ஊரின் படத்தை வரைந்து, எந்தெந்தத் தோட்டத்தில் வாழை இன்னும் நோயில்லாமல் நிற்கிறது என்று புள்ளி வைத்திருந்தார். பதினேழு புள்ளி.

வியாபாரி உட்கார்ந்த குழு

முன்பணம் என்ற தாளை ஒட்டியவர் ஒரு இளைஞர். அறுவடைக்கு முன் வியாபாரியிடம் பணம் வாங்குவது, பழத்தை அவருக்கே அவர் சொல்லும் விலைக்குப் போடுவது மலையில் பழைய வழக்கம். கல்யாணம், ஆஸ்பத்திரி, காலேஜ் ஃபீஸ், எல்லாம் அந்தப் பணத்தில்தான். வியாபாரியைத் திட்டுவது சுலபம். ராத்திரி 11 மணிக்குக் கதவைத் தட்டினால் பணம் தருகிற ஆள் ஊரில் அவர் ஒருவர்தான்.

அவரும் கூட்டத்துக்கு வந்திருந்தார். அவருக்கும் தோட்டம் இருக்கிறது, வர உரிமை இருக்கிறது. நேராக அந்தக் குழுவில் போய் உட்கார்ந்தார். ஒன்பது பேர். வானிலையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பஸ் நேரத்தைப் பற்றி.

விதி என்ன சொல்கிறது? பிடிக்கவில்லையா, எழுந்து போ. கோயம்புத்தூர் கம்பெனியில் எழுந்து போனால் போனதுதான். இங்கே கடன் கொடுத்தவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து முதலில் எழுந்து போகிறவர், அவர் முகத்தில் அடித்துவிட்டுப் போவதாகத்தான் அர்த்தம். அடுத்த அறுவடைக்கு முன்னால் அதற்கு விலை கொடுக்க வேண்டிவரும். மாமனார் இருக்கும் குழுவிலிருந்து மருமகள் எழுவதும் இப்படித்தான். காலுக்குச் சுதந்திரம் கொடுத்தால் மட்டும் போதாது, எழுவதற்கு ஒரு சாக்கும் கொடுக்க வேண்டும்.

சாக்கை ஊரே கண்டுபிடித்தது. ஒருவர், "ஒரு காபி குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று எழுந்தார். இரண்டு நிமிடம் கழித்து இன்னொருவர். காபிக்குப் போவதில் யாருக்கும் அவமானமில்லை. காபி விளைகிற ஊரில் அதைத் தடுக்கவும் முடியாது. கேன் கூடத்தின் வாசலில் இருந்தது. வரக்காபி, கருப்பட்டி போட்டது. ஆனால் வாசல் அந்தக் குழுவிலிருந்து பத்தடி. கேனைச் சுற்றி நின்றவர்கள் டம்ளரை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள்.

நான் கேனைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வைத்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கால் மணி நேரத்தில் தொட்டிக்குப் பின்னால் ஏழு பேர். வியாபாரியோடு இரண்டு பேர் மீதி இருந்தார்கள், மரியாதைக்கு.

இது நடுநிலையா? இந்தத் தொழிலில் எல்லாரும் நடுநிலை, நடுநிலை என்று சொல்லிக்கொள்வோம். கேன் வாசலில் இருந்தால் அது வியாபாரிக்குச் சாதகம், பின்னால் இருந்தால் மற்றவர்களுக்குச் சாதகம். எங்கேயாவது ஓர் இடத்தில் அதை வைத்துத்தானே ஆக வேண்டும்? வாசலில் வைத்ததும் நான்தான், யோசிக்காமல். அந்த ஏழு பேர் என்ன பேசினார்கள் என்று கேட்கப் போகவில்லை. மாலையில் அந்த இளைஞர் சுவரில் ஒட்டிய அறிக்கை மூன்று வரி: எங்கள் ஏழு பேர் பழத்தை ஒரே நாளில் ஒரே இடத்தில் எடை போடுவோம். எடையை நாங்களும் எழுதிவைப்போம். விலை பற்றி இப்போது பேசவில்லை. கடைசி வரியை எழுதத் தோன்றிய புத்தி எனக்கு இருந்திருக்காது.

முடிவு வட்டத்தில் வியாபாரி அதை வாய்விட்டு வாசித்தார். மடித்த துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. கீழே இறங்கும் கடைசி பஸ்ஸுக்கு நான் நின்றபோது பக்கத்தில் வந்து நின்றார். "கேனை நீங்கதானே தூக்கிட்டுப் போனீங்க?" என்றார். வெயிலில் காபி ஆறாது என்று வாசலில் வைத்திருந்தேன், அப்புறம் வழியில் இடைஞ்சலாக இருந்தது என்று ஏதோ சொன்னேன். அவரும் தலையாட்டினார். இருவருக்கும் தெரியும்.

பிறகு

எட்டில் நான்கு தாளுக்கு உயிர் இருந்தது. உதிர்ந்த பழத்துக்காக ஒரே ஓடைச்சரிவில் அடுத்தடுத்து இருக்கும் பதினான்கு தோட்டக்காரர்கள் பங்குனி முதல் வாரத்தில் நாள் வைத்துப் பொறுக்கினார்கள். இரண்டு பேர் வரவில்லை. ஒருவர் வெளியூரில் இருக்கிறார், இன்னொருவருக்கும் சவுண்ட் சர்வீஸ் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வராதவர்கள் தோட்டத்தில் மற்றவர்களே பொறுக்கிவிட்டார்கள், கேட்காமல். அதில் ஒரு சண்டை வந்தது. களத்துக்குக் கோயில் மைதானத்தைக் கேட்டிருக்கிறார்கள், அதற்கு ஊர்க் கூட்டம் வேண்டுமாம். வாழைப் பெரியவர் பதினேழு தோட்டத்துக்கும் நேரில் போய்விட்டு வந்தார். எடை நோட்டு போட்டார்கள். காட்டு மாடு, மிளகு, ஆள் பற்றாக்குறை மூன்றும் பேச்சோடு நின்றன. காட்டு மாட்டைப் பற்றிய கதைகள் மட்டும் அருமை. கூலித் தாளுக்கு அன்று ஒரு தோட்டக்காரர்கூடப் போகவில்லை, பெண்கள் தங்களுக்குள்ளேயே பேசிவிட்டுக் கலைந்தார்கள். அதற்கு நான் என்ன செய்திருக்க முடியும் என்று இப்போதும் யோசிக்கிறேன். எதற்கும் கேன் நகர்த்தினால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆவணியில் இரண்டாவது கூட்டம். இந்த முறை அழைப்பை அவர்களே எழுதினார்கள். ஜமுக்காளம் விரித்திருந்தார்கள், முட்டி வலிக்காரர்களுக்கு மட்டும் ஓரமாக நாலு நாற்காலி. எழுதிக்கொடுக்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர். கூலித் தாள்தான் சுவரில் முதலில் ஏறியது. எனக்கு வேலை குறைவு.

காபி கேன் கூடத்தின் நட்டநடுவில், வியாபாரி உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஏற்பாடு அவருடையதாம். வரக்காபி இல்லை, பால் காபி, கூடவே பிஸ்கட். நான் அவரைப் பார்த்தேன். அவர் டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

அன்று யாரும் காபிக்கு எழவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு, துப்புவதற்காக எழுந்து வெளியே போனார்கள், ஒவ்வொருவராக.